வெட்டிய பெயரை என் கையாலேயே எழுத வைத்த முருகன்

என் மனைவி பரமேஸ்வரி காலமான அன்று காலை, அவளுடைய மரண அறிவித்தலில் இருந்து எங்கள் மகளின் பெயரை நான் வெட்டினேன். அழுது வீங்கிய கண்களோடுதான் வெட்டினேன். ஆனால் கை நடுங்கவில்லை.

இதை முதலில் சொல்லிவிட வேண்டும். முருகன் எனக்குச் செய்ததை விரிவாகச் சொல்லி, நான் செய்ததை நடுவில் எங்கேயாவது ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். இரண்டு தடவை அப்படி எழுதியும் பார்த்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் உண்மையாக இல்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் இருக்கும் முருகன் கோயிலில் என்னோடு நின்று கும்பிடுகிற உங்களில் பலர் என்னைச் "சேர்" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறீர்கள். அந்த மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டே இதை எழுதுகிறேன்.

நான் அரச திணைக்களம் ஒன்றில் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பரமேஸ்வரி ஆசிரியையாக இருந்தவள். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் ரமணன் கனடாவில், அடுத்தவன் முகுந்தன் லண்டனில். கடைசி தர்ஷினி. அவள் உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தாள். பெறுபேறு நான் எதிர்பார்த்தபடி வரவில்லை. திரும்ப எழுதச் சொன்னேன். அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு நிறுவனத்தில் கிராபிக் டிசைனும் வெப் டிசைனும் படிக்கச் சேர்ந்துவிட்டாள். தாய்தான் காசு கட்டியிருக்கிறாள்.

"படம் கீறுறதுக்கோ உன்னைக் கணிதம் படிப்பிச்சனான்?" என்று நான் கேட்டேன். அன்று மட்டுமல்ல, அவள் கூடத்தில் கணினிக்கு முன்னால் இருக்கும்போதெல்லாம் கேட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மகள் கொம்பியூட்டர் படிக்கிறா" என்று மட்டும் சொல்வேன். அதற்குமேல் அவர்கள் கேட்டால் கதையை மாற்றுவேன்.

அங்கே அவளோடு படித்தவர் சிவகுமார். அவரைத்தான் கட்டப்போவதாகத் தர்ஷினி ஒரு நாள் வந்து சொன்னாள். ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து கொழும்புக்கு வந்த குடும்பம். தகப்பன் கொச்சிக்கடையில் ஒரு களஞ்சியத்தில் மூட்டை தூக்கினவர். அந்தப் பிள்ளையின் குணம் என்ன, தொழில் என்ன என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. எந்த ஊர், ஆருடைய மகன் என்று மட்டும் அவளிடம் கேட்டேன். பதில் வந்ததும் எழுந்து அறைக்குள் போய்விட்டேன். எங்கள் ஆட்களில் பலருக்கு நான் ஏன் எழுந்து போனேன் என்று விளக்கத் தேவையில்லை. அதுதான் வெட்கம்.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். "இந்த வாசற்படி மிதிக்கக்கூடாது" என்றேன். வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும். கனடாவுக்கு இரண்டு தரம் போய் வந்தேன். கொட்டாஞ்சேனைக்கு ஒரு தரமும் போகவில்லை.

போன வருடம் ஆடி மாதம் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த பரமேஸ்வரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அறிவித்தலை ரொறன்ரோவில் இருக்கும் என் அக்காவின் மகன் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எங்கள் அறிவித்தல்களில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் இருக்கும் இடத்தை அடைப்புக்குறிக்குள் போடுவோம். அவன் ஒழுங்காகப் போட்டிருந்தான். ரமணன் (கனடா). முகுந்தன் (லண்டன்). தர்ஷினி (கொட்டாஞ்சேனை). அதற்குக் கீழே, மருமகன் சிவகுமார்.

அந்த மூன்றாவது அடைப்புக்குறி என் கண்ணைக் குத்தியது. உலகமெல்லாம் இருந்து எங்கள் ஆட்கள் வாசிப்பார்களே என்று நினைத்தேன். பக்கத்து அறையில் மனைவியின் உடுப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நான் மகளின் பெயரையும் மருமகனின் பெயரையும் அழித்துவிட்டு, "இப்படியே போடு" என்று திருப்பி அனுப்பினேன். மத்தியானம் இணையத்தில் வந்துவிட்டது.

பின்னேரம், உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குத் தர்ஷினி வந்தாள். தனியாக வந்தாள். தாயின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். சேலை மடிப்பை ஒரு தரம் சரிசெய்தாள். பிறகு எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மாக்கு ரெண்டு பிள்ளையள்தானாம். வாசிச்சனான்," என்றாள். "மூண்டாவதாய் வந்த ஆள் பாத்திட்டுப் போறா."

சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. சுற்றியிருந்தவர்களுக்குக் கேட்டதோ தெரியாது. அவள் போன பிறகு என் நண்பர் ஒருவர், "ஆரது, பரமேஸ்வரியின்ர மாணவியோ?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றுதான் ஆட்டினேன்.

முப்பத்தோராம் நாள் முடிந்ததும் மகன்மார் திரும்பிவிட்டார்கள். தொடர்மாடியில் நான் மட்டும். சமையல் தெரியாது. கடைச் சாப்பாட்டைப் பாதி தின்று மீதியை வைத்துவிடுவேன். ஒவ்வொரு நாளும் அந்த அறிவித்தலைத் திறந்து பார்ப்பேன். பரமேஸ்வரியின் படம் நன்றாக இருக்கும். அதற்குக் கீழே நான் செய்தது இருக்கும்.

தர்ஷினியின் இலக்கத்துக்கு அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மருமகனை அழைக்க இலக்கம் தெரியாது. கேட்டு வாங்கவும் மனம் வரவில்லை. அக்காவின் மகனை அழைத்து, பெயரைச் சேர்க்க முடியுமா என்று கேட்டேன்.

"மாமா, அது முடிஞ்ச அலுவல். இப்ப போய் ஏன் கிளறுறீங்கள்? அதை இனி ஆர் பாக்கப்போகினம்?"

நான் பார்க்கிறேன் என்று அவனிடம் சொல்லவில்லை.

ஒரு பின்னேரம் கடற்கரைப் பக்கம் ரயில் பாதையோரம் நடந்தேன். அன்று எனக்கு வந்த எண்ணத்தை இங்கே எழுதமாட்டேன். ரயில் வந்தது, போனது. நான் திரும்பி நடந்து நேரே கோயிலுக்கு வந்தேன். செருப்போடு உள்ளே போகப் பார்த்த என்னை ஐயர் தடுத்தார். முருகனுக்கு முன்னால் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருக்கும் பதவியோ விசாவோ கேட்காமல் கும்பிட்டேன். "முருகா, அவளுடைய குரலை ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். அவளாக என்னோடு கதைக்க வேண்டும். அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன்."

அசரீரி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு நினைப்பு வந்தது. அழித்தது நான். எழுத வேண்டியதும் நான். மற்றவனுக்குக் காசு கொடுத்து எழுதுவித்தால் அது கணக்கில் சேராது. பரமேஸ்வரிக்கு ஒரு நினைவுப் பக்கத்தை இணையத்தில் நானே செய்ய வேண்டும். நான் ஏளனம் பண்ணிய படிப்பையே படித்து, அதைக்கொண்டு செய்ய வேண்டும்.

கொழும்பின் காலி வீதியில் டிசைன் வகுப்பு ஒன்றின் பெயர்ப்பலகையைப் பார்த்து வைத்திருந்தேன். அங்கே போனால் லிஃப்ட் பழுது. வகுப்பு மேல்மாடியில். என் முழங்காலுக்கு அது முடியாத காரியம். திரும்பி வெளியே வரும்போது பக்கத்துக் கட்டடத்தின் முதல் மாடியில் இன்னொரு சின்ன வகுப்பு இருப்பதைக் கண்டேன். படிப்பிப்பது நிரோஷா என்ற இளம் பெண்.

"பேரப்பிள்ளையைச் சேக்கவோ, அங்கிள்?" என்று கேட்டா.

"இல்லை மிஸ். என்னைத்தான்."

அவ சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சேர்த்துக்கொண்டா.

மற்றவர்கள் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். எனக்குப் பக்கத்துக் கணினியில் ரிஸ்னா என்று கிராண்ட்பாஸில் இருந்து வருகிற முஸ்லிம் பிள்ளை. முதல் வாரம் மவுஸை நான் பிடித்த பிடியைப் பார்த்து, "அங்கிள், அது எலிதான், கடிக்காது. கழுத்த நெரிக்க வாணாம்," என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பரமேஸ்வரி போன பிறகு என் வாயில் இருந்து வந்த முதல் சிரிப்பு அது. உடனே வெட்கமாகிவிட்டது.

படிப்பு சுலபமாக இருக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் வரைபடம் பார்த்தவன் நான், இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்திருந்தேன். ஒரு கடைக்குப் போஸ்டர் செய்யச் சொன்னார்கள். கடையின் வரலாற்றையே எழுதிவிட்டேன்.

"அங்கிள், பஸ்ஸில போற ஆள் இதை வாசிச்சு முடிக்கேக்க பஸ் பம்பலப்பிட்டியும் தாண்டிப் போயிடும்," என்றா நிரோஷா மிஸ். "வெறுமையா விடப் பழகுங்கோ. எல்லாத்தையும் நீங்களே சொல்லி முடிக்காதீங்கோ. பாக்கிற ஆளுக்கும் கொஞ்சம் இடம் குடுங்கோ."

அந்த வசனத்தை வீட்டுக்குக் கொண்டு போனேன். தர்ஷினி சிவகுமாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய அன்று நான் அவளை ஒரு வசனம் முடிக்க விட்டேனா என்று யோசித்தேன். விடவில்லை.

மார்கழி மழைக்காலத்தில் புகைப்படங்களில் வேலை செய்யப் படித்தோம். ஒருவருடைய உருவத்தைப் பின்புலத்தில் இருந்து பிரித்தெடுப்பது எப்படி என்பதுதான் அன்றைய பாடம். ஆளுக்கொரு படம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் அறிவித்தலில் போட்ட பரமேஸ்வரியின் படத்தையே கொண்டுபோனேன். வீட்டுக் கணினியில் கிடந்த படம் அது.

மிஸ் அதைத் திறந்து பெரிதாக்கினா. இன்னும் பெரிதாக்கினா. பிறகு எல்லாரையும் கூப்பிட்டா.

"இஞ்ச வாங்கோ. அங்கிளின்ர படத்தைப் பாருங்கோ. இது ஸ்டூடியோப் படமில்லை. வீட்டில எடுத்துப்போட்டுப் பின்னால இருந்ததை எடுத்திருக்கு. காதுக்குப் பக்கத்தில முடியைப் பாருங்கோ. ஒவ்வொரு முடியா விட்டு வெட்டியிருக்கு. ஒரு நரை முடி கூடப் போகேல்லை. ஆர் செய்தது, அங்கிள்?"

"தெரியாது," என்றேன்.

"ஆரெண்டாலும் அந்த ஆளுக்கு இந்த அம்மாவில நல்ல பட்சம். சும்மா செய்யிற ஆக்கள் முடியை மழிச்சு விட்டிடுவினம்."

பிள்ளைகள் தங்கள் இடத்துக்குப் போனார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. தர்ஷினி படிக்கத் தொடங்கிய காலத்தில் தாயைக் குசினி வாசலில் நிற்பாட்டிப் படம் எடுத்தாள். பிறகு நாள்கணக்காக அந்தக் கணினியில் குனிந்து இருந்தாள். "ஒரு படத்தோட இத்தனை நாளோ? இதுதானோ படிப்பு?" என்று கேட்டுக் கணினியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். அவள் திரும்பக் கொளுவி, முதலில் இருந்து தொடங்கினாள்.

அவள் செய்த படத்தை மேலே போட்டுவிட்டு, அவள் பெயரைக் கீழே இருந்து அழித்திருக்கிறேன்.

நான் அந்தக் கதிரையில் இருந்தபடியே அழுதேன். ரிஸ்னா எழும்பித் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள்.

அதற்குப் பிறகு பக்கத்தைச் செய்வதில் இறங்கினேன். படத்தை மேலே வைத்தேன். பரமேஸ்வரியின் பிறந்த ஊர், அவள் படிப்பித்த பாடசாலை என்பவற்றை நாலே வரியில் எழுதினேன். பிள்ளைகளின் பெயர்களைத் தட்டச்சுச் செய்தேன். மூன்றாவது பெயரில் கை நடுங்கியது. தர்ஷினி (கொட்டாஞ்சேனை). மருமகன் சிவகுமார். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி: "மரண அறிவித்தலில் மகளின் பெயரும் மருமகனின் பெயரும் விடுபட்டது தவறுதலால் அல்ல. அதைச் செய்தவன் நான். பரமேஸ்வரியிடமும் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." அதன் கீழே என் முழுப் பெயர்.

பிழை பார்க்க வந்த மிஸ் அந்த இடத்தில் நின்றுவிட்டா.

"அங்கிள், இது எங்கட தர்ஷினி அக்காவோ? கொட்டாஞ்சேனையில டிசைன் செய்யிற அக்கா? அவதான் எனக்குப் படிப்பிச்சவ!"

அந்தப் பழுதடைந்த லிஃப்டை நினைத்தேன். இதைத் தற்செயல் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடமாட்டேன்.

"அக்காவுக்குச் சொல்லட்டே?"

"வேண்டாம் மிஸ். அவ கண்டால் காணட்டும்."

"அங்கிள், கோவிக்கக்கூடாது. அக்காவுக்கு அப்பா இல்லையெண்டுதான் நாங்கள் நினைச்சுக்கொண்டிருந்தனாங்கள்," என்றா.

கோபிக்க என்னிடம் என்ன இருக்கிறது.

பக்கத்தை இணையத்தில் ஏற்றிய அன்று கோயிலுக்குப் போனேன். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழைய வேண்டுதலையே திருப்பிச் சொன்னேன். தை பிறந்தது. தைப்பூசமும் போனது. மகன்மார் இருவரும் பார்த்துவிட்டார்கள். மூத்தவன், "அப்பா, இதைச் சனத்துக்கு முன்னால சொல்லவேணுமே?" என்று கேட்டான். கொட்டாஞ்சேனையில் இருந்து ஒன்றும் வரவில்லை. அவள் கண்டிருக்கமாட்டாள் என்று ஒரு நாள் நினைப்பேன். கண்டும் பேசாமல் இருக்கிறாள் என்று அடுத்த நாள் நினைப்பேன். இரண்டாவது நினைப்பு வரும் நாளில் சாப்பாடு இறங்காது.

மாசியில் ஒரு காலை, தெரியாத இலக்கத்தில் இருந்து அழைப்பு.

"மாமா, நான் சிவகுமார் பேசுறேன்."

என்னை மாமா என்று அவர் கூப்பிடுவதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். கூப்பிடுவதற்கு நான் இடம் கொடுத்ததில்லை.

"பக்கத்த பாத்தோம். அவ பாத்து ரெண்டு வாரமாச்சு. தெனம் தெறக்கிறா, மூடுறா. என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அவ கூப்பிட மாட்டா மாமா, உங்க மகதானே, அந்தப் பிடிவாதம் எங்க போகும்? நீங்க வாங்க. நான் வீட்ல இருக்கேன்."

யாரைப் பற்றி மேலே ஒரு சொல்லும் கேட்க விரும்பாமல் நான் எழுந்து அறைக்குள் போனேனோ, அவருடைய வாயால்தான் முருகன் என்னை அழைத்தான்.

அன்றே போனேன். கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கி வழி கேட்டுப் போனேன். சிவகுமார் வாசலில் நின்றார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துப் படி ஏற்றினார். உள்ளே தர்ஷினி கணினிக்கு முன்னால் இருந்தாள். எழும்பவில்லை. திரையில் என் பக்கம்.

நான் கதவடியில் நின்றேன்.

"இந்தத் தலைப்பு எழுத்து போனில பாத்தா உடையுது," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி. "பழைய எழுத்துருவில அடிச்சிருக்கிறீங்கள். கனடாவில பாக்கிற ஆக்களுக்கு அம்மான்ர பேர் கட்டம் கட்டமாத் தெரியும்."

அதுதான் நான் கேட்ட குரல். அவளாக என்னோடு கதைத்தாள்.

"எனக்கு அது தெரியேல்லைப் பிள்ளை," என்றேன்.

"இருங்கோ."

பக்கத்தில் ஒரு கதிரையைக் காலால் தள்ளிவிட்டாள். இருந்தேன். அவள் எழுத்தை மாற்றினாள். வரிகளுக்கு நடுவில் இடைவெளி விட்டாள். மன்னிப்புக் கேட்ட வரிக்கு வந்ததும் அவளுடைய கை நின்றது. அதில் ஒன்றையும் மாற்றவில்லை.

"அம்மா இருக்கேக்க எழுதியிருக்கலாம், அப்பா," என்றாள்.

"ஓம்," என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமோ? அம்மா ஒவ்வொரு வெள்ளியும் இஞ்ச கோயிலுக்கு வாறவ. நானும் போவன். பூசை முடியுமட்டும் கண்ணை மூடிக்கொண்டு நிப்பா. என்னம்மா கேட்டனீங்கள் எண்டு கேட்டால், ஒரே பதில்தான். 'உன்ர அப்பா உன்னோட கதைக்கவேணுமெண்டு கேட்டனான்.' கடைசி வெள்ளியும் அதைத்தான் சொன்னவ."

சிவகுமார் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தார். அதைக் குடித்து முடிக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது.

இப்போது கிழமைக்கு ஒரு நாள் அங்கே போகிறேன். அவள் என் வீட்டுக்கு இன்னும் வரவில்லை. நான் கூப்பிட்டிருக்கிறேன். "பாப்பம்" என்கிறாள். பழைய மாதிரி இல்லை. இனி ஆகும் என்றும் நான் நம்பவில்லை. வேலை இருந்தால் எனக்கு ஏதாவது பிழை திருத்தத் தருகிறாள். நான் செய்ததை வாங்கித் திரும்பவும் திருத்துகிறாள்.

முருகன் என் வேண்டுதலைக் கேட்டான். அதற்குச் சாட்சியாகவே இதை எழுதினேன். பாவி கூப்பிட்டாலும் அவன் கேட்கிறான். நம்பிக்கை அற்றுப்போனவர்கள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து ரயில் பாதைப் பக்கம் போகாமல் கோயில் பக்கம் வாருங்கள். கேளுங்கள். கிடைக்கும்.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் கேட்டது சில மாதங்களில் கிடைத்தது. பரமேஸ்வரி அதையே வருடக்கணக்காக, வெள்ளிக்கு வெள்ளி கேட்டிருக்கிறாள். அவளுடைய வேண்டுதலை முருகன் கேட்காமல் விடவில்லை. அவன் அதை என்னிடம்தான் அனுப்பியிருக்கிறான். அவள் வெள்ளிக்கிழமை கோயிலில் இருந்து வந்து திருநீற்றை என் முன்னால் நீட்டிய போதெல்லாம், அதை நிறைவேற்றக்கூடியவன் பேப்பர் வாசித்துக்கொண்டு சாய்மனைக் கதிரையில் இருந்தான்.

உங்கள் வீட்டிலும் யாராவது கண்ணை மூடி ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். என்ன கேட்கிறார்கள் என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். அது உங்கள் கையில் இருக்கிற காரியமாக இருந்தால், அவர்கள் உயிரோடிருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.